மறுநாள் படையலில் ஒரு பிரெஞ்சுப் போத்தல்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் சுருவில் என்ற ஊரில் நாகபூசணிக்கு இரண்டு காரியத்தில் பெயர். ஒன்று அவளுடைய வாய். மற்றதும் அவளுடைய வாய்தான். முதலாவது பேசுகிற வாய். அதைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் கேட்கிறவருக்கு அன்றைக்கு வேறு வேலை இருக்கக்கூடாது. இரண்டாவது ருசி அறிகிற வாய். கண்ணை மூடி ஒரு மிடறு தண்ணீரை நாக்கில் நிறுத்தி, இது கோயில் கிணறு, இது பள்ளிக்கூடத்துக் கிணறு, இது இரண்டு நாளாக வாளியில் கிடந்த தண்ணீர், என்னையே ஏமாற்றப் பார்க்கிறாயா என்று சொல்லிவிடுவாள்.

வெளியூர்க்காரருக்கு இது வித்தையாகத் தெரியலாம். தீவில் பிறந்த பெண்ணுக்கு இது அன்றாடப் பாடு. சுற்றிவரக் கடல், கொஞ்சம் ஆழத் தோண்டினால் உவர். ஒரு வளவில் நல்ல தண்ணீர் இருக்கும், வேலிக்கு அப்பால் வாயில் வைக்க முடியாது. ஆகவே தேநீருக்கு ஒரு கிணறு, சோறு வடிக்க ஒரு கிணறு, உடுப்புத் தோய்க்க ஒரு கிணறு என்று பெண்கள் பிரித்து வைத்திருந்தார்கள். பவுசர் லொறியில் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு பலருக்கு அந்த நாக்கு மழுங்கிவிட்டது. நாகபூசணிக்கு மழுங்கவில்லை. அறுபத்துமூன்று வயதில் பல் நாலைந்து போயிருந்தாலும் நாக்கு அப்படியே இருந்தது.

இப்படிப்பட்ட நாக்கை வைத்திருப்பவளின் வளவில்தான் தீவுப்பகுதியிலேயே மிகப் புளித்த முந்திரிகை காய்த்தது. மற்ற இடங்களில் திராட்சை என்று சொல்வதை யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்போம். வீட்டுக்குப் பின்னால் எட்டுச் சீமெந்துத் தூண், மேலே கம்பி, அதன் மேல் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் கொடி. கண் படும்படி குலை குலையாகத் தொங்கும். பழம் சின்னது, பழுத்தாலும் பச்சை. ஒன்றை வாயில் போட்டால் காதுவரை கூசும். சந்தை வியாபாரி ஒருவர் ஒருமுறை வந்து ஒரேயொரு பழத்தைத் தின்றுவிட்டு, "அம்மா, ஒரு வாய் தண்ணி தாங்கோ" என்று கேட்டுக் கொப்பளித்துக்கொண்டு போனார். பிறகு அவர் அந்த ஒழுங்கைப் பக்கமே வரவில்லை.

அந்தப் பந்தலைத்தான் வெட்டுவதென்று முடிவாகியிருந்தது. தம்பி ஆரூரன் ஆட்டுக்கொட்டில் போடத் தூண்களைக் கேட்டான். கேட்டவன் அவன், சம்மதித்தவள் அவள். கணவர் தயாபரனின் இரண்டாவது திவசம் முடியட்டும், அதற்கு முதல் கத்தி வைக்கவேண்டாம் என்று நாளையும் அவளே குறித்தாள். ஊரில் எல்லோரும் நல்ல முடிவென்றார்கள். ஆனால் சம்மதித்த நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது கொடியின் மேலுள்ள பாசம் என்று யாராவது நினைத்தால் பிழை. அந்தக் கொடியைப் பற்றி அவள் சொன்ன ஒரு சொல் இருந்தது. அதைச் சொன்ன ஒன்பதாம் நாள் மனிதர் போய்விட்டார். பந்தலை வெட்டினால் அந்தச் சொல்லும் தன்னை விட்டுப்போகும் என்று ஒரு பக்கம் நினைத்தாள். வெட்டினால் அந்தச் சொல் சரிதான் என்று ஆகிவிடுமே என்று மறுபக்கம் பயந்தாள். இரண்டுக்கும் நடுவில் அவளுடைய சோறு ஆறிப்போனது.

என்ன சொன்னாள் என்பதற்கு முதல், அவர்கள் வாழ்ந்த கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எண்பத்தொன்றில் கலியாணம். தயாபரன் வீட்டாருக்குத் தெற்கே மாத்தறையில் பலசரக்குக் கடை. தீவு ஆட்கள் பலரையும் போல அவர்களும் அங்கே வியாபாரம், இங்கே வீடு என்று இருந்தவர்கள். நாகபூசணி இரண்டு வருஷம் கடைக்கு மேலுள்ள வீட்டில் இருந்தாள், கொஞ்சம் சிங்களமும் பழகினாள். எண்பத்துமூன்று கலவரத்தில் கடையும் போய், மேல்வீடும் போய், உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கினார்கள். பிறகு மகள் கோபிகா பிறந்தாள். எண்பத்தெட்டில் தயாபரன் பிரான்சுக்குப் போனார். இரண்டு வருஷத்தில் கூப்பிடுகிறேன் என்றார். அந்த இரண்டு வருஷம் இருபத்துமூன்றானது.

யாருடைய குற்றம் என்று கேட்டால் பதில் இல்லை. முதலில் அவருக்கு அங்கே தங்குவதற்கான கடதாசி கிடைக்கவில்லை. பிறகு இங்கே போர், இடம்பெயர்வு. சுருவிலை விட்டு மானிப்பாய், மானிப்பாயை விட்டு வேறெங்கோ. சமாதான காலத்தில் அவள் திரும்பி வந்து கூரையை வேய்ந்துகொண்டு இருந்தபோது அவர் கூப்பிட்டார். அப்போது அவருடைய தாய் படுக்கையில். "கிழவியை ஆரிட்டை விட்டிட்டு வாறது?" என்று கேட்டாள். பிறகு கோபிகா கலியாணம் கட்டிக் கனடா போனாள். போகவேண்டியவர்கள் எல்லோரும் போய் முடிந்தபோது, இனி நான் எங்கே வருவது என்று அவளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

தொலைபேசியில் கிடைத்த பத்து நிமிஷத்தில் அவர் பிள்ளையின் படிப்பைக் கேட்பார், தாயின் வருத்தத்தைக் கேட்பார். அவள் சுகமா, சாப்பிட்டீர்களா என்பாள். என்ன வேலை என்று ஒருமுறை கேட்டாள். "முந்திரிகைத் தோட்டத்திலை" என்றார். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு முந்திரிகைத் தோட்டம் என்றால் பந்தல். பந்தல் என்றால் நிழல். பழம் என்றால் சந்தைக்குப் போகிற கறுத்த இனிப்புப் பழம். "நிழலிலை நிக்கிற வேலைதானே, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, அதோடு அந்தக் கதையை மூடிவிட்டாள். ஊரிலும் அப்படித்தான் சொல்லிவைத்தாள்: "எங்கடை அவருக்கு நிழல் வேலை."

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவர் முழங்கால் இரண்டும் பழுதாகி வந்து சேர்ந்தார். நிழலில் நின்றவருக்கு முழங்கால் எப்படிப் போனது என்று அவள் யோசிக்கவில்லை. வயது என்று நினைத்தாள். மறுவருஷம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனவர், அந்தத் தோட்டக்காரர் உதவாது என்று பிடுங்கிப் போட்டிருந்த ஒரு பச்சை முந்திரிகைக் கொடியில் கடைசியாகக் கிடந்த ஒரு பழத்தைத் தின்று பார்த்தார். பார்த்துவிட்டு அந்தக் கொடியில் ஆறு தடி வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மற்றவன் எறிந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்த மனிதரைப் பார்த்து நாகபூசணி தலையில் கையை வைத்தாள்.

கொடி வந்துவிட்டது, இனி அதை இனிக்கப் பண்ணவேண்டியது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். ஆட்டெரு போட்டாள். குழி தோண்டி மீன் கழிவு தாட்டாள். அவருக்குத் தெரியாமல் பனங்கட்டியைக் கரைத்து வேரில் ஊற்றினாள். கடைசியில், வீட்டுக் கிணறு உவர் என்பதால்தான் பழம் கெட்டுப்போகிறது என்று கண்டுபிடித்து, குடிக்கவென்று பவுசரில் எடுக்கிற நல்ல தண்ணீரில் தினமும் இரண்டு வாளி கொடிக்கு விடத் தொடங்கினாள். தீவில் நல்ல தண்ணீரை மரத்துக்கு ஊற்றுகிறவரை ஊர் ஒருமாதிரிப் பார்க்கும்.

"நாகம், நீர் ஏன் உதுக்கு நல்ல தண்ணி விடுறீர்? எங்கடை கிணத்துத் தண்ணியே போதும்" என்று அவர் ஒருநாள் சொன்னார்.

"உப்புத் தண்ணி விட்டால் உப்புத்தான் காய்க்கும். உங்களுக்கு ஒண்டும் விளங்காது."

அவர் சிரித்துக்கொண்டு ஒரு பச்சைப் பழத்தை வாயில் போட்டார். மனிதருக்குக் கூசவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தின்பார். அதைப் பார்க்க அவளுக்குக் கோபம் கோபமாக வரும்.

அவர் இறந்த வருஷம், கனடாவிலிருந்து சொந்தக்காரர் ஒரு வான் நிறைய வந்தார்கள். தயாபரன் தட்டு நிறையப் பழம் பறித்து, கழுவி, கொண்டுவந்து நடுவில் வைத்தார். பிள்ளைகள் ஒன்றைக் கடித்துவிட்டுத் துப்பினார்கள். பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நல்லா இருக்கு என்றார்கள். நாகபூசணிக்கு மானம் போனது. "இருபத்துமூண்டு வருசம் வெளிநாட்டிலை நிண்டு எங்கடை மனுசன் கொண்டுவந்து சேத்தது இந்தப் புளிப்பு ஒண்டுதான்" என்றாள். வான்காரர் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு எட்டு நாள் இருந்தார். அந்த எட்டு நாளும் அவர் பந்தலுக்குக் கீழே போகவில்லை, ஒரு பழம் தின்னவில்லை. இதை அவள் அப்போது கவனிக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீடு வெறுமையான பிறகுதான், எட்டு நாளும் அவர் அந்தப் பக்கம் போகவில்லையே என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்தது போகவே இல்லை.

இனி நடந்ததற்கு வருவோம்.

இரண்டாவது திவசத்துக்குப் பிரான்சிலிருந்து கீர்த்திகன் வந்தான். தயாபரனின் தமக்கை மகன், நாற்பது வயது. அவன் முதல்முதல் அந்த நாட்டுக்குப் போனபோது மாமனின் அறையில்தான் நாலு வருஷம் இருந்தான். செத்தவீட்டுக்கு வர முடியாமற்போன கவலை அவனுக்கு இருந்தது. பெட்டியைத் திறந்து சொக்கிலேற், கைப்பை, கால்வலித் தைலம் எல்லாம் எடுத்து வைத்தான். கடைசியில் துவாயில் சுற்றிய ஒரு போத்தலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"மாமி, கோவிக்கக்கூடாது. இது வைன். மாமா வேலை செய்த பக்கத்திலை செய்யிறது. விலை கூடினதெண்டு நினைக்காதையுங்கோ. அங்கை கடையிலை ஆகக் கீழ்த்தட்டிலை கிடக்கும், குனிஞ்சுதான் எடுக்கவேணும்."

"அவர் குடிக்கிறவரோ?"

"சனிக்கிழமையிலை ஒரு கிளாஸ். அதுக்கு மேலை ஒருநாளும் இல்லை."

நாகபூசணி போத்தலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். வெளிறிய நிறம், அரிசி கழுவி மூன்றாம் முறை ஊற்றுகிற தண்ணீர் போல. முந்திரிகைத் தோட்டம் என்று அவர் சொன்னது வைனுக்கான தோட்டத்தைத்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

திவசம் சைவம். ஐயர் வந்து செய்து, அரிசி காய்கறி வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் மச்சப் படையல். இறந்தவருக்கு விருப்பமான மீன், நண்டு எல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டு வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அதற்கு இரண்டு சட்டம் உண்டு. படைத்ததை எறியக்கூடாது, வீட்டு ஆட்கள்தான் தின்று முடிக்கவேண்டும். இரண்டாவது, மனைவி இருந்தால் அவள்தான் முதலில் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுக்கவேண்டும். அவள் தொடாததை மற்றவர் தொடமாட்டார்கள்.

அன்று காலை முதல் பக்கத்து வீட்டு அன்னபூரணம் குசினியில் துணைக்கு நின்றாள். நண்டுக்கறி, சுறா வறை, விளைமீன் குழம்பு எல்லாம் ஆயிற்று. ஆரூரனும் கத்தி, தூண் கிளப்புகிற அலவாங்கோடு வந்துவிட்டான். நாளைக்குத்தானே வெட்டுவது என்றால், ஆயுதத்தை இன்றைக்கே கொண்டுவந்து வைத்தால் நல்லதாம். இலை போடும்போது கீர்த்திகன் மெதுவாகக் கேட்டான், "மாமி, அந்தப் போத்தலையும் வைப்பமோ?"

அன்னபூரணம் அகப்பையோடு வந்துவிட்டாள். "என்ன தம்பி கதைக்கிறாய்? நயினாதீவு அம்மாளின்ரை பேரை வைச்சிருக்கிற மனுசி. வெறித் தண்ணியை முதல் வாய் எடுக்கிறதோ?"

"ஏன், அத்தானுக்கு விருப்பமெண்டால் வைக்கத்தான் வேணும்" என்று ஆரூரன் சொன்னான். அவன் சாராயம் பாவிக்கிறவன். படையல் முடிந்த பிறகு அந்தப் போத்தல் தன் பக்கம்தான் வரும் என்ற கணக்கு அவனுக்கு.

நாகபூசணி வாழ்நாளில் கள்ளுகூட வாயில் வைத்தவள் அல்ல. அப்பத்துக்கு மா புளிக்க விடுகிற கள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றுவாள். ஆனால் அந்த மனிதருக்கு விருப்பமான ஒன்று இருக்கிறது, அது என்னவென்றே தனக்குத் தெரியாது என்பது போத்தலைக் கண்டதிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"வையுங்கோ" என்றாள்.

போத்தலுக்குத் தக்கை. பிரான்சிலிருந்து வந்தவன் தக்கை திறக்கிறதைக் கொண்டுவரவில்லை. ஆரூரன் ஒரு திருகாணியைத் தக்கையில் முறுக்கி, போத்தலைக் காலுக்கிடையில் இறுக்கி, குறட்டால் பிடித்து இழுத்தான். ஒரு சத்தம், தக்கை வந்தது, ஆரூரன் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். கீர்த்திகன் இதைக் குளிராகக் குடிக்கவேண்டும் என்று காலையிலேயே அலுமாரியிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தான். ஆனால் படையலுக்குக் கண்ணாடி கிளாஸ் சரிவராது. தயாபரன் தேநீர் குடிக்கிற எவர்சில்வர் மூக்குப்பேணியில்தான் ஊற்றவேண்டும் என்று நாகபூசணி சொல்லிவிட்டாள். பேணி நண்டுக்கறிக்குப் பக்கத்தில் அமர்ந்தது.

கற்பூரம் காட்டி, கதவைச் சாத்தி, இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போக நேரம் விட்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். கால்மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்தபோது கீர்த்திகன் பேணியைத் தொட்டுப் பார்த்து, "சூடேறிப்போச்சு" என்று கவலைப்பட்டான். "செத்தவருக்குக் குளிரென்ன சூடென்ன" என்று அன்னபூரணம் அடக்கினாள்.

நாகபூசணி இலைக்கு முன்னால் இருந்தாள். சோற்றில் ஒரு வாய், வறையில் ஒரு வாய், நண்டில் ஒரு காலை உடைத்து ஒரு வாய். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பேணியை எடுத்தாள். பேணியின் மூக்கால், உதட்டில் படாமல், ஒரு மிடறு வாயில் விட்டாள்.

முதலில் நாக்கு சுருண்டது. தோடம்பழம் என்கிற ஆரஞ்சின் தோலை நசித்த மணம் ஒன்று மூக்குக்குப் போனது. கன்னம் இரண்டும் உள்ளே இழுத்தது. துப்பப் போகிறாள் என்று அன்னபூரணம் கோப்பையை நீட்டினாள். அவள் துப்பவில்லை. தண்ணீர் பார்க்கிறபோது செய்கிற அதே பழக்கத்தில் கண்ணை மூடி, நாக்கின் நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு விழுங்கினாள். விழுங்கிய பிறகு ஓரத்தில் ஏதோ ஒன்று நின்றது. இன்னொரு மிடறு விட்டாள்.

"அம்மாளாச்சி, ரெண்டாந்தரம்!" என்றாள் அன்னபூரணம்.

நாகபூசணி எழுந்தாள். பேணியைக் கையில் பிடித்தபடி பின்பக்கம் நடந்தாள். மூன்று பேரும் பின்னால் போனார்கள். பந்தலுக்குக் கீழே நின்று ஒரு பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டாள். இரண்டு வருஷமாக, ஏன், பத்து வருஷமாக ஒரு முழுப்பழத்தை அவள் தின்றதில்லை. நுனிப் பல்லால் கடித்துத் துப்பியிருக்கிறாள், அவ்வளவுதான். இன்றைக்கு மென்றாள். பிறகு பேணியிலிருந்து ஒரு மிடறு. பிறகு இன்னொரு பழம்.

"கீர்த்தி, இதை வாயிலை போடு."

அவன் போட்டான். கண்ணை விரித்தான். "மாமி, இதுதான் அது! சாதி வேறை, அங்கத்தையான் கொடி இஞ்சை வராது. ஆனால் ருசி இதுதான்."

ஆரூரன் பேணியை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு உடம்பை உலுப்பினான். "அக்கா, இது பழுதாப்போச்சு. வினாகிரி. பிளேனிலை ஆடுப்பட்டுப் புளிச்சிருக்கும். ஒரு கரண்டி சீனி போட்டால் ஒருவேளை இறக்கலாம்."

"பழுதில்லை அண்ணை, அது அப்பிடித்தான்" என்றான் கீர்த்திகன். "அது ஒரு புளிச்ச முந்திரிகை. அங்கையும் கனபேர் பிடுங்கிப்போட்டினம். கடற்கரைப் பக்கத்து ஆக்கள் மட்டும் வைச்சிருக்கினம். சிப்பி, நண்டு தின்னேக்கை குடிப்பினம். பெரிய ஆக்கள் இதைக் கணக்கெடுக்கமாட்டினம்."

"இதிலை உப்பு இருக்கு" என்றாள் நாகபூசணி.

"உப்புப் போடுறேல்லை மாமி."

"போட்டதெண்டு சொன்னனானோ? இருக்கு. கடைசியிலை வருது. எங்கடை கிணத்துத் தண்ணி விழுங்கினாப் பிறகு நிக்கிற மாதிரி ஓரத்திலை நிக்குது."

கீர்த்திகன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கு முதல்முதல் மாமா இதைத் தந்தபோது நான் துப்பிப்போட்டன். அப்ப அவர் சொன்னவர், துப்பாதை, ஆறுதலா விழுங்கிப் பார், கடைசியிலை சுருவில் வளவுக் கிணறு வரும் எண்டு. எனக்கு ஒரு கிணறும் வரேல்லை. அவருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும்."

நாகபூசணி பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டாள். அங்கே இருந்தபோது இந்தக் கிணற்றைத் தேடி அதைக் குடித்திருக்கிறார். இங்கே வந்த பிறகு, அங்கே விட்டுவந்ததைத் தேடி இதை நட்டிருக்கிறார். நானோ அந்தக் கொடிக்குப் பனங்கட்டி கரைத்து ஊற்றினேன் என்று நினைத்தாள். உப்புப் படாமல் நல்ல தண்ணீர் வாங்கி விட்டேன். ஒரு மனிதர் ஆசைப்பட்டு வைத்த புளிப்பை எடுத்துவிட இத்தனை வருஷம் பாடுபட்டேன், கடைசியில் அதையே ஒரு வான் நிறைய ஆட்களுக்கு முன்னால் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அவளுக்கு அழுகை சுலபத்தில் வராது, அன்றைக்கு வந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போல மூக்கை உறிஞ்சினாள்.

"ஆரூரன், பந்தலை வெட்டவேண்டாம்."

"அக்கா! தூணை எண்ணிக் கொட்டிலுக்குப் படம் கீறி வைச்சிருக்கிறன்."

"வேறை தூண் பார்."

"மூண்டு மிடறுக்கே வெறிச்சிட்டுது" என்று ஆரூரன் அன்னபூரணத்திடம் சொன்னான். "சரி, விடு. பின்னேரம் தெளிஞ்ச பிறகு கேப்பம்."

"பின்னேரமும் இதுதான், நாளைக்கும் இதுதான். அலவாங்கை எடுத்துக்கொண்டு போ. சாப்பிட்டிட்டுப் போ." அந்தக் குரல் ஆரூரனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த குரல். அவன் கொட்டிலைப் பற்றி அதற்குமேல் கதைக்கவில்லை. சாப்பிடப் போனான்.

அன்னபூரணமும் இலைகளைப் போட உள்ளே போனாள். நாகபூசணி பந்தலுக்குக் கீழே கிடந்த பழைய கதிரையில் இருந்தாள். கீர்த்திகன் நின்றான்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுசன்" என்றாள். குரலில் கோபம் இருந்தது. "பத்து வருசம் இதே வீட்டிலை, இதே பந்தலுக்குக் கீழை. ஒரு வார்த்தை."

கீர்த்திகன் கொஞ்சம் யோசித்தான். பெரியவர்களிடம் இப்படிக் கேட்கலாமோ என்று அவனுக்குத் தயக்கம். "நீங்கள் கேட்டனீங்களோ, மாமி?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. ஊரில் யார் எதைக் கேட்டாலும் கேள்வி முடிய முதல் பதில் சொல்கிறவள்.

"இல்லை" என்றாள். "கேக்கேல்லை."

பிறகு சொன்னாள், "இப்ப கேக்கிறன். அங்கை அவர் என்ன செய்தவர்? நிழல் வேலையோ?"

"எங்கை மாமி நிழல்? அங்கை பந்தல் இல்லை, கொடி இடுப்பளவுதான். மாரியிலை முழங்காலிலை நிண்டு கொப்பு வெட்டவேணும். நிலமெல்லாம் ஈரம். கை விறைச்சு, கத்திரிக்கோல் பிடிச்ச விரலை நான்தான் பின்னேரம் விரிச்சு விடுறனான். விடியக் காலமை ஐஞ்சரைக்கு எழும்புவம்…"

"நில்லு. அங்கை ஐஞ்சரையெண்டால் இஞ்சை எத்தினை மணி?"

கீர்த்திகன் மனதில் கணக்குப் பார்த்தான். "மாரியிலையெண்டால் பத்து மணி, மாமி."

"பத்து மணி." நாகபூசணி மேலே கம்பியை அண்ணாந்து பார்த்தாள். "பத்து மணிக்கு நான் அவரின்ரை அம்மாவை நிமித்தி இருத்திக் கஞ்சி பருக்கிற நேரம். ஒரு கோப்பைக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். பாதியைத் துப்பிப்போடும் மனுசி. அதை அவரும் என்னட்டைக் கேக்கேல்லை."

அவள் பக்கத்தில் கிடந்த ஒரு சீமெந்துக் கல்லைக் காட்டி அவனை இருக்கச் சொன்னாள்.

"சரி, சொல்லு" என்றாள். "ஐஞ்சரைக்கு எழும்பி?"